நான் காட்டிய கையெழுத்து

அவளை முதலில் பார்த்தது அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில், தண்ணீர் வரும் நாளில். எங்கள் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்குக் கீழே சரிவில் நாலைந்து தகரக்கூரை வீடுகள் உண்டு. அதில் ஒன்றுக்குக் கல்யாணமாகி வந்திருந்தாள். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். வந்தால் அரைமணி நேரம். அந்த அரைமணியில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவள் மட்டும் தன் குடம் நிறைந்ததும் ட்யூபை அடுத்தவர் குடத்தில் சொருகிவிட்டு நகர்ந்தாள். ஊருக்குப் புதுசு என்று அதிலேயே தெரிந்தது.

ராமநாதபுரம் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயது. சென்னையில் கப்பல் ஏறியதிலிருந்து இங்கே இறங்கும்வரை மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாளாம். மறுபடி அதில் ஏறச் சொன்னால் செத்தே போவேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு அவள் மெயின்லேண்ட் போனதாக எனக்குத் தெரியவில்லை. யாரும் கூட்டிப்போகவும் இல்லை.

அவள் கணவன் டைல்ஸ் ஒட்டும் வேலையை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தான். வேலை பெரும்பாலும் ஹேவ்லாக் தீவில், ரிசார்ட்டுகளில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போட்டில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். குடிப்பதில்லை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் கேஸ் சிலிண்டரைக் கேட்காமலேயே தோளில் தூக்கி அறுபது படி ஏறி வந்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் இறங்கிப் போவான். அவன் கொடுமைக்காரன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சொன்னவரைத்தான் நான் தப்பாக நினைத்திருப்பேன்.

வீட்டில் அவளும் மாமியாரும். நாலு வருஷத்துக்குள் இரண்டு பெண் குழந்தைகள். இரண்டுக்கும் நடுவே பதினாலு மாதம். மூத்தது நடக்கப் பழகும் முன்பே அடுத்தது வயிற்றில் இருந்தது. இரண்டாவது பிறந்த பிறகு அவள் முன்பற்களில் ஒன்று ஆடி விழுந்தது. தண்ணீர் பிடிக்கும்போது சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

நான் போர்ட் பிளேரிலேயே பிறந்தவள். அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நர்சிங் முடித்து, ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் காண்ட்ராக்ட் நர்ஸாக இருந்தேன். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடலாம். என் கணவருக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒரே பையன். அவன் பிறந்த ஆறாவது வாரம், டீ குடிக்கும் நேரத்தில் எங்கள் வார்டு சீனியர் ஒருவர் எனக்குக் காப்பர் டி வைத்துவிட்டார். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "சரி" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். எனக்கு அந்த விஷயம் அவ்வளவு லேசாக முடிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் முடியும் என்று நான் நினைத்திருக்க வேண்டும்.

பிரசவமான கையோடு, பெண் டேபிளைவிட்டு இறங்கும் முன்பே காப்பர் டி வைக்கும் முறை அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டுக்கு வந்தது. அதுவரை ஆறு வாரம் கழித்து வா என்று சொல்லி அனுப்புவோம். யார் வருவார்கள்? ரங்கத்திலிருந்தும் ஹேவ்லாக்கிலிருந்தும் வந்து பெற்றுப்போன பெண்கள் மறுபடி போட் டிக்கெட் கிடைத்து, கடல் ஒத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்து வர வேண்டும். அவர்கள் திரும்பி வருவார்கள்தான். அடுத்த வயிற்றோடு வருவார்கள்.

எங்களில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நஞ்சு விழுந்த பத்து நிமிஷத்துக்குள், நீண்ட இடுக்கியால் கருப்பையின் உச்சிவரை கொண்டுபோய் விட வேண்டும். எனக்குக் கை நன்றாகப் படிந்தது. எங்கள் டாக்டரம்மாவே அதைச் சொன்னார். மாதக் கூட்டத்தில் யார் யார் எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்று வாசிப்பார்கள். குறைவாக வைத்தவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நான் ஒருநாளும் எழுந்து நிற்கவில்லை. பெண்களுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பும், கூட்டத்தில் உட்கார்ந்தே இருப்பதன் சுகமும் எனக்குள் தனித்தனியாக இருக்கவில்லை. அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வயிற்றோடு ஏழாம் மாதம் ஓ.பி.க்கு வந்தாள். மாமியார் பர்ச்சிச் சீட்டு எடுக்க வரிசையில் நின்றிருந்தார். பிரஷர் பார்க்க நான் பட்டையைச் சுற்றும்போது அவள் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, புள்ள பொறந்த ஒடனேயே ஒண்ணு வைப்பீங்களாமே. எனக்கு வச்சு விடுங்க."

பத்து வருஷம் வரை இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், முதல் சில மாதம் உதிரம் கொஞ்சம் அதிகம் போகலாம் என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். அவள் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

"அவுக கையெழுத்து வேணுமா?"

"வேணாம். உன்னோடது போதும்."

"அத்தைக்குத் தெரிய வருமா?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.

இதுவும் பெண்ணாகிவிட்டால் நாலாவது, ஐந்தாவது என்று விடமாட்டார்கள், உடம்பில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்றாள். எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுகிறது, இரண்டாவதை இடுப்பில் வைத்தபடி ஒருநாள் அடுப்புப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று முழங்கையில் தழும்பைக் காட்டினாள். மாமியார் பர்ச்சியோடு வருவதற்குள் சம்மத அட்டையை நீட்டினேன். எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பிரித்து, தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

பிரசவம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. வலி வந்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. நான் வெளியே போய் மாமியாரிடம் சொன்னேன். "நல்லாப் பாத்தியாத்தா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பெஞ்சில் வைத்திருந்த ஃப்ளாஸ்க்கையும் டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். குழந்தையைப் பார்க்கவில்லை. மருமகளுக்கென்று கொண்டுவந்த காபியைக்கூட வைத்துவிட்டுப் போகவில்லை.

உள்ளே வந்து காப்பர் டியை வைத்தேன். அவள் டேபிளின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "வச்சாச்சா?" என்றாள். ஆச்சு என்றதும் கம்பியை விட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். வார்டு ஆயா கொண்டுவந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

காப்பர் டி வைத்தவர்களுக்கு அந்தச் சம்மத அட்டையைக் கொடுக்க வேண்டும். வைத்த தேதி, திரும்ப வர வேண்டிய தேதி, அவர்கள் சம்மதக் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்தேன். அவள் என் கையிலேயே திருப்பி வைத்தாள். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அத்தை கண்ணில் பட்டுவிடும் என்றாள். பிரசவ அறை பீரோவில் படிவங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டரம்மாவின் கிறுக்கலில் ஆறு இங்கிலீஷ் எழுத்தாக அது இருந்தது. அவள் வீட்டில் யாருக்கும் அது புரியப்போவதில்லை.

முதல் வருஷம் அவள் நன்றாக இருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பழைய மெஷின் ஒன்றில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். எனக்கும் இரண்டு தைத்தாள். மூன்று குழந்தைகளையும் குளிப்பாட்டி வரிசையாக வாசலில் நிறுத்தித் தலை துவட்டும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று பெருமையாக இருக்கும்.

இரண்டாம் வருஷம் மாமியார் கேட்கத் தொடங்கினார். முதலில் அவளை. பிறகு அவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை. முதல் இரண்டும் மளமளவென்று வந்ததே, இப்போது என்ன வந்தது என்று குழாயடியில் பொதுவாகக் கேட்பார். மூன்றாவது பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மாமியார் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். "கதவடைச்சவ" என்று கூப்பிடுவார். தனக்குப் பின்னால் வர வேண்டிய தம்பிக்குக் கதவை அடைத்துவிட்டு வந்தவளாம். குழந்தைக்கு அர்த்தம் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னதும் ஓடி வரும்.

பிறகு வேண்டுதல்கள். செவ்வாய், வெள்ளி விரதம். கோயில் தரையில் சோற்றைக் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்துச் சாப்பிடுவது. ஒன்பது வெள்ளி அதைச் செய்தாள். நான் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே இருந்தேன். மாமியார் பக்கத்தில் நின்று, ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் தூக்கியபோது நெற்றியில் சோறு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். எதற்காக வேண்டிக்கொள்கிறாளோ அது நடக்காது என்று அந்தக் கோயிலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் குழாயடியில், "எடுத்துரலாமாக்கா?" என்று கேட்டாள். மாமன் மகள் ஒருத்தி ஊரில் இருக்கிறாள், அவளைப் புருஷனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைப்பதாகப் பேச்சு நடக்கிறது என்றாள். உன் உடம்பு இன்னும் தேறவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். தாங்கிக்கொண்டிருந்தது அவள். பொறுத்துக்கொள் என்று சொன்னது நான். எனக்கு அன்று காலை ஷிஃப்ட். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து கணவன் அவளைத் தனியார் கிளினிக் ஒன்றில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான். ஸ்கேன் பார்த்தவர், உள்ளே காப்பர் டி இருக்கும்போது குழந்தை எப்படித் தங்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

அங்கிருந்து நேராக ஆட்டோவில் எங்கள் வார்டுக்கு வந்தார்கள். அவன், மாமியார், மூன்றாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள். பதினொரு மணி இருக்கும். டாக்டரம்மாவின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வங்காளி. அவருக்குத் தமிழ் தெரியாது. அவன் அவரிடம் இந்தியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சிஸ்டர், நாங்க யாரும் கேக்கல. இவளும் கேக்கலைங்கிறா. அவளுக்கே தெரியாம வச்சுட்டாங்கன்னு சொல்றா. மத்லப்... அப்படின்னா, எங்களுக்குப் புள்ள வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆட்டோவில் வரும்போதே அவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் தெரியாமல் வைத்துவிட்டார்கள். அந்தப் பொய்க்கு இன்னொரு ஆள் வேண்டும். அவள் சுவரை ஒட்டி நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் சரியாகத்தான் சொல்வேன் என்று நம்புகிற பார்வை.

டாக்டரம்மா என்னிடம் இந்தியில் கேட்டார். கையெழுத்து வாங்கினாயா, இல்லையா? வாங்காமல் வைத்திருந்தால் அது பெரிய விஷயம், டைரக்டரேட் வரை போகும், என்கொயரி வரும், நான் உனக்காக ஒன்றும் செய்ய முடியாது என்றார். காண்ட்ராக்ட் புதுப்பிக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அட்டையைத் தனியாக டாக்டரம்மாவிடம் மட்டும் காட்டியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறோம், நாளைக்கு வாருங்கள் என்று அவர்களை அனுப்பியிருக்கலாம். ஆமாம், மறந்துபோய் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியது என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் பீரோவைத் திறந்து படிவங்களைத் தள்ளித் தேடிக்கொண்டிருந்தபோதே இது எல்லாம் தோன்றியது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே அட்டையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதை நிதானமாகப் படித்தான். கையெழுத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினான்.

"இது உன் எழுத்துதானா?"

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடியே, "ஆமா" என்றாள்.

மாமியார் எழுந்து வந்து அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பிடுங்கித் தரையில் உட்கார வைத்தார். குழந்தை வீரிட்டு அழுதது. தூக்கப்போன அவளை அவன் கையை நீட்டித் தடுத்தான். அழட்டும் என்றான்.

இப்போதே எடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டான். டாக்டரம்மா முறைப்படி அவளிடமே கேட்டார், எல்லோரையும் வைத்துக்கொண்டு. உனக்கு எடுக்க இஷ்டமா? நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். எடுத்துருங்க என்றாள்.

பக்கத்து அறையில் திரையை இழுத்துவிட்டு நானே எடுத்தேன். நூல் உள்ளே சுருண்டுகிடந்தது. தேடி எடுக்க நேரமானது. வலித்திருக்கும். அவள் சத்தமே போடவில்லை. வெளியே குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"தெரியாம வச்சுட்டோம்னு நீங்க சொல்லியிருந்தா, உங்கள யாரும் அடிச்சிருக்க மாட்டாக."

வெளியே வந்ததும் அவன், எடுத்த காப்பர் டியைக் கொடுங்கள் என்றான். கழிவுத் தொட்டியில் போட வேண்டிய பொருள். கொடுக்கக் கூடாது. நான் அதைக் கழுவி, பஞ்சுத் துணியில் மடித்துக் கொடுத்தேன். ஏன் கழுவினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அன்று நான் வீடு திரும்பியபோது கீழே அவர்கள் வீட்டுக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. டிவியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்கள். அதையும் மீறிச் சில சத்தங்கள் மேலே வந்தன. என் பையன் என்னம்மா அது என்று கேட்டான். என் கணவர் எழுந்துபோய் எங்கள் ஜன்னலைச் சாத்தினார். நீ பேப்பர்ல இருக்கிறதைத்தான் காட்டின, உன்மேல தப்பில்ல என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து, உலையில் போட்டேன்.

அடுத்த தண்ணீர் நாளில் அவளுடைய இடதுகையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. குடத்தை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். தையல் மெஷின் வீட்டில் இல்லை என்று பிறகு தெரிந்தது. மாமியார் அந்தப் பஞ்சுத் துணியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். குழாயடியில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அவிழ்த்துக் காட்டினார். என் பேரனைத் தின்றது இதுதான் என்றார். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு சின்னதா என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாள்.

அவனை நான் படிக்கட்டில் பார்த்தேன். ஒதுங்கி வழிவிட்டான்.

"மத்தவங்க மாதிரி மழுப்பாம உண்மையச் சொன்னீங்க சிஸ்டர். அத நான் மறக்க மாட்டேன்."

அந்த மாதமும் சிலிண்டரைத் தூக்கிவந்து வைத்தான். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

காண்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். முதல்முறையாக நின்றேன். பேப்பர் சரியாக இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு ஒரு கெட்ட பெயர் வராமல் போயிற்று, எல்லோரும் இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சிலர் கை தட்டினார்கள்.

ஆனால் விஷயம் மின்னி பே முழுக்கப் போய்விட்டது. அங்கே கையெழுத்துப் போட்டால் அது புருஷன் கைக்குப் போய்விடும் என்று பெண்களுக்குள் பேச்சு. தமிழ்ப் பெண்கள் மட்டுமில்லை, தெலுங்குப் பெண்களும் வங்காளிப் பெண்களும் காப்பர் டி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிறைமாதமாக வந்தபோது, உங்ககிட்ட வேணாம் சிஸ்டர் என்று நேராகவே சொன்னாள். எட்டு மாதக் கைக்குழந்தையோடு அடுத்தது உண்டாகி வந்தாள் பிறகு. கலைத்துவிட மாத்திரை இருக்கிறதா என்று கேட்டது என்னிடமல்ல, மருந்துக் கடைக்காரனிடம்.

காப்பர் டியை எடுத்த மூன்றாம் மாதமே கீழ் வீட்டில் அவள் உண்டாகிவிட்டாள். இந்த முறை மாமியார் வெளியே வரிசையில் நிற்கவில்லை. பரிசோதனை அறைக்குள்ளேயே, அவள் தலைமாட்டில் நின்றார். நான் பிரஷர் பார்த்தேன். ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. இரும்பு ஊசி போட வரச்சொன்னால் வருவாள், கையை நீட்டுவாள், போவாள். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். அவள் பிழைப்பாளா என்று நாங்கள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே மாமியார் ஜிலேபி பெட்டியோடு வார்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரு துண்டை என் வாயிலேயே வைத்துவிட்டார். உன் கைராசிதான் ஆத்தா என்றார். நான் அதைத் துப்பவில்லை. விழுங்கினேன்.

மூன்றாம் நாள் அவன் வந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றான். பையன் வந்துவிட்டான், இனி எதற்கு என்றான். அவன் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. படிவத்தில் இடமில்லாத ஓரத்தில் தன் பெயரை எழுதி, கீழே கோடு போட்டான். அவள் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள்.

மற்றவர்களை வெளியே போகச்சொல்லிவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். இன்னும் வெளுத்துப்போய்த்தான் கிடந்தாள். இருபத்தேழு வயது. உனக்கு இஷ்டமா, வேண்டாமென்றால் உடம்பு தாங்காது என்று நான் டாக்டரம்மாவிடம் சொல்லித் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்வீங்களா?" என்றாள்.

நான் படிவத்தைத் திருப்பி மடியில் வைத்தேன்.

"பேனாவக் குடுங்க" என்றாள்.

பையனுக்கு ஒரு வயது ஆவதற்குள் அவர்கள் வீட்டைக் காலிசெய்து ஹேவ்லாக்குக்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும்போது நான் ஜன்னலில் நின்றேன். அவள் மேலே பார்க்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வேலை நிரந்தரமானது. சிப்பிகாட் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். இப்போது காப்பர் டி தவிர, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் இருக்கிறது. வேண்டும் என்று சொல்கிற பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறேன். கையெழுத்து வாங்கும் முன்பு, யாராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்குக் கேள்வியே புரிவதில்லை. ஒன்றிரண்டு பேருக்கு உடனே புரிந்துவிடுகிறது. அந்த ஒன்றிரண்டு பேரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன வருஷம் ஹேவ்லாக்கில் ஒருநாள் கருத்தடை முகாம். ரிசார்ட்டுகளில் வேலை செய்யும் பெண்களுக்காக. காலை போட்டில் போய், மத்தியானப் போட்டில் திரும்ப வேண்டும். பள்ளிக்கூட அறை ஒன்றில் திரை கட்டிக் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு ரிசார்ட் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், அதே யூனிஃபார்மில், அவள். ஏதோ ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாளாம், இந்தப் பெண் கூட வேலை செய்பவளாம். அதை எங்களோடு வந்த ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் போயிருந்தது.

என்னை அடையாளம் தெரிந்ததும் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் எப்போதும் செய்கிற மாதிரி, கூட வந்தவர்கள் வெளியே இருக்கட்டும் என்றேன்.

"இல்ல. நான் இங்கதான் இருப்பேன்" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை.

அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் கைக்கும் அந்தப் பெண்ணின் முகத்துக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் பேசும்போது, எழுதும்போது, வைக்கும்போது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, மடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். குழந்தைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிவந்தாள். ஒருத்தியையும் என்னோடு தனியாக விடவில்லை.